லிஃப்ட் வந்தும் ரயில் ஏற முடியவில்லை: பழைய புறநகர் நிலையங்களில் எங்கே இடிக்கிறது?

கேள்வி இது: சென்னைப் புறநகர்ப் பாதையில் ஒரு பழைய நிலையம். லிஃப்ட் வந்துவிட்டது, பார்வையற்றவருக்கு வழிகாட்டும் மஞ்சள் ஓடு பதித்தாயிற்று, சரிவுப்பாதையும் இருக்கிறது. ஆனாலும் சக்கர நாற்காலியில் வருகிறவர் நாலு பேர் தூக்காமல் ரயில் ஏற முடியவில்லை. தப்பு எங்கே? எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? ஏன் இத்தனை வருடம் இழுக்கிறது?

தெருவில் ஆட்டோவிலிருந்து இறங்குகிற இடம் தொடங்கி, பெட்டிக்குள் போய் நாற்காலிக்கு பிரேக் போடுகிற வரைக்கும் ஒரு சங்கிலி போல எட்டுப் பத்துக் கண்ணிகள் இருக்கின்றன. லிஃப்ட் அதில் ஒன்றுதான். எது அறுந்தாலும் பயணம் அங்கேயே நின்றுவிடும். லிஃப்டைத் திறந்துவைத்துப் படம் எடுக்கலாம் என்பதால் அதற்கு முதலில் பணம் வந்துவிடுகிறது. வாசலில் நட்ட இரும்புக் குழாயைப் பிடுங்கி 20 செ.மீ. தள்ளி நடுவதற்கு ஒரு கோப்புகூட நகர்வதில்லை. அதனால் வாசலிலிருந்தே பார்த்துக்கொண்டு போவோம்.

வாசல்

இருசக்கர வண்டி உள்ளே வரக்கூடாதென்று குழாய் நடுகிறார்கள். சாதாரணச் சக்கர நாற்காலி 650 முதல் 700 மி.மீ. அகலம். தானே உருட்டி வருபவரின் முழங்கைக்கும் இடம் விட்டால் 900 மி.மீ. வேண்டும். பைக்கின் கைப்பிடி அகலமும் ஏறக்குறைய 700–800 மி.மீ.தான். ஆக, நாற்காலி நுழைகிற இடைவெளியில் பைக்கும் நுழையும். பைக்கைத் தடுக்கிற இடைவெளி நாற்காலியையும் தடுக்கும். குழாய் நட்டு இந்தச் சிக்கல் தீராது. ஆளை நிறுத்தியோ அபராதம் விதித்தோதான் தீரும். குழாய் கட்டாயம் வேண்டுமென்றால் ஒரு வழியிலாவது 900-க்குக் குறையாமல் விட வேண்டும்; அந்த வழிக்கு நேரே மழைநீர்க் கால்வாயின் கம்பி மூடி வரக்கூடாது. மூடியின் கம்பிகள் நடக்கும் திசைக்கு இணையாக இருந்தால் நாற்காலியின் முன் சக்கரம் உள்ளே இறங்கிவிடும். கம்பிகள் குறுக்காக, 12 மி.மீ.க்கு மிகாத இடைவெளியில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு விஷயம். இங்கே பலர் சக்கர நாற்காலியில் வருவதில்லை. அரசு தருகிற இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் வருகிறார்கள். அதை நிறுத்த வாசலுக்கு அருகே 3.6 மீட்டர் அகல இடம் வேண்டும். 50 மீட்டர் தள்ளியிருக்கும் பொது ஸ்டாண்டில் நெருக்கி நிறுத்தச் சொன்னால், வண்டியை விட்டு இறங்கி ஊன்றுகோலை எடுக்கவே பக்கத்தில் இடம் இருக்காது. கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வருகிறவருக்கோ அந்த வண்டி லிஃப்டுக்குள் போகாது. அவருக்கு வாசலிலேயே நிலையத்தின் சக்கர நாற்காலி கிடைக்க வேண்டும், நிலைய மேலாளர் அறையில் சங்கிலி போட்டுப் பூட்டிய நிலையில் அல்ல.

டிக்கெட் கவுண்டரில் ஒரு சாளரமாவது தரையிலிருந்து 750–800 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும், அடியில் முழங்கால் நுழைய வெற்றிடத்தோடு. இது ஒரு நாள் தச்சு வேலை.

பிளாட்ஃபாரம் கடப்பது: சரிவா, லிஃப்டா?

"லிஃப்ட் எதற்கு, நடைமேம்பாலத்துக்குச் சரிவுப்பாதை போட்டால் போதாதா? கரண்ட் வேண்டாம், ரிப்பேர் இல்லை" என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கைப் போட்டுப் பார்த்தால் தெரியும். 25 கிலோவோல்ட் மின்கம்பி ஓடும் பாதைக்கு மேலே நடைமேம்பாலத்தின் அடிப்பாகம் தண்டவாளத்திலிருந்து 6.25 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். பாலத்தின் கனம் முக்கால் மீட்டர் என்று வையுங்கள். நடைதளம் ஏறக்குறைய 7 மீட்டரில் வரும். பிளாட்ஃபாரம் 0.84 மீட்டர். ஏற வேண்டியது சுமார் 6 மீட்டர்.

1:12 சரிவு, அதாவது 12 மீட்டர் போக ஒரு மீட்டர் ஏறுவது, என்றால் 72 மீட்டர் நீளம். 9 மீட்டர் ஓட்டத்துக்கு, அதாவது முக்கால் மீட்டர் ஏறியதும், ஒரு சமதளம் வேண்டும், இல்லையென்றால் கை ஓய்ந்துவிடும். எட்டுத் துண்டு, நடுவே ஏழு சமதளம், ஒவ்வொன்றும் 1.5 மீட்டர். கூட்டினால் 82 மீட்டருக்கு மேல். அதுவும் ஒரு பக்கம் ஏற மட்டும். மறுபக்கம் இறங்க இன்னொரு 82. இருபுறமும் தண்டவாளம் ஓடும் ஒல்லியான ஒரு தீவுப் பிளாட்ஃபாரத்தில் இதற்கு இடம் கிடையாது. இடம் போதாத ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்றால், சரிவை 1:8 ஆக்கி நீளத்தைச் சுருக்கிவிடுகிறார்கள். அது பார்சல் தள்ளுவண்டிக்கு ஆகும். தானே உருட்டும் ஒருவரால் ஏற முடியாது. இறங்கும்போது உள்ளங்கை தேயும். பிளாட்ஃபாரத்தின் இரு முனைகளிலும் தண்டவாள மட்டத்துக்கு இறங்கும் சரிவு இருக்கிறதே, அது 1:6. அதைக் காட்டி "ஏற்கெனவே சரிவு இருக்கிறது" என்று ஆய்வு அறிக்கையில் டிக் போட்டுவிடுவதும் நடக்கும்.

அந்த முனைச் சரிவில் இறங்கித் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கும் தள்ளுவண்டிப் பாதையில்தான் பல இடங்களில் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போகிறார்கள். தண்டவாளத்தின் உள்பக்கம் ரயில் சக்கர விளிம்புக்காக ஒரு பள்ளம் விட்டே ஆக வேண்டும். நாற்காலியின் முன் சக்கரம் அந்தப் பள்ளத்தைவிட மெலிந்தது. கொஞ்சம் சாய்வாகப் போனாலும் உள்ளே இறங்கிச் சிக்கும். சிக்கினால் முன்னால் தள்ளாமல் பின்னுக்கு இழுத்துத்தான் எடுக்க வேண்டும். பதற்றத்தில் எல்லோரும் முன்னால்தான் தள்ளுவார்கள். சில நிமிடத்துக்கு ஒரு ரயில் போகிற பாதையில் இதை ஒரு தீர்வாகவே எண்ணக்கூடாது.

சுரங்கப்பாதை கொஞ்சம் சாதகம். தலைக்கு மேல் 2.5 மீட்டர், கூரைப் பலகை, அதற்கு மேல் ஜல்லி, ஸ்லீப்பர் எல்லாம் சேர்ந்தாலும் பிளாட்ஃபாரத்திலிருந்து சுமார் 4.5 மீட்டர்தான் இறங்க வேண்டும். ஆறு துண்டு, ஐந்து சமதளம், 61–62 மீட்டர். ஆனால் சென்னையில் வடகிழக்குப் பருவமழையை மறந்து சுரங்கம் தோண்டக்கூடாது. வாசல் விளிம்பு தெரு மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். அந்த உயரத்துக்கும் சரிவு வேண்டும், இரண்டு படி கட்டி முடித்துவிடக்கூடாது. மோட்டார் பம்ப் ஒன்று ஓட, ஒன்று காத்திருக்க என்று இரண்டு வைக்க வேண்டும். தண்ணீர் புகுந்தால் சுரங்கத்தோடு அதன் லிஃப்டும் போய்விடும்.

லிஃப்டை எங்கே நிறுத்துவது?

பழைய நிலையங்களின் நிஜமான முட்டுக்கட்டை இதுதான். பணம்கூட இதற்கு அப்புறம்தான். ரயில்வேயின் அளவு அட்டவணைப்படி, பிளாட்ஃபாரத்தின் மேல் ஒரு கட்டடம் தண்டவாள மையக்கோட்டிலிருந்து 5.33 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். தூண், விளக்குக் கம்பம் போன்ற தனிப் பொருள் என்றால் 4.72 மீட்டர். பிளாட்ஃபாரத்தின் விளிம்பு மையக்கோட்டிலிருந்து 1.67 மீட்டரில் இருக்கிறது. கழித்துப் பாருங்கள்: லிஃப்ட் கூண்டின் சுவருக்கும் விளிம்புக்கும் இடையே 3.66 மீட்டர் காலியாக வேண்டும். இருபுறமும் ரயில் வரும் தீவுப் பிளாட்ஃபாரத்தில் இரு பக்கமும் 3.66. நடுவில் கூண்டின் வெளி அகலம் 2.6 மீட்டர். மொத்தம் 9.9 மீட்டர்.

கடற்கரை–தாம்பரம் பாதை 1931-ல் மின்மயமானபோது மீட்டர்கேஜ், அதாவது குறுகிய பாதை. அந்தக் காலத்து இடத்துக்குள்தான் இன்று அகலப்பாதையில் 12 பெட்டி ரயில் வந்து நிற்கிறது. எல்லாப் பிளாட்ஃபாரமும் பத்து மீட்டர் அகலத்துக்கு எங்கே போகும்? அளவு போதாத இடத்தில் வழிகள் மூன்று.

ஒன்று, நடைமேம்பாலத்தின் படிக்கட்டு நிற்கும் இடத்தையே பயன்படுத்துவது. பழைய படிக்கட்டுகள் பெரும்பாலும் பிளாட்ஃபாரத்தின் அகலமான பகுதியில்தான் இருக்கும். படியை எடுத்துவிட்டு அங்கே லிஃப்டும், கொஞ்சம் தள்ளிப் புதிய படியும் வைக்கலாம். வேலை நடக்கும் மாதங்களில் நெரிசல் நேரக் கூட்டத்தை எங்கே விடுவது என்பதுதான் கேள்வி. இரண்டு, பிளாட்ஃபாரத்தின் முனைக்கு அப்பால் கூண்டை நிறுத்தி, தனி நடைபாதையால் இணைப்பது. இடம் கிடைக்கும்; ஆனால் நடை நீளும், கூரை இருக்காது, இரவில் ஆளரவம் இருக்காது. மூன்று, தண்டவாளத்தைச் சற்று நகர்த்திப் பிளாட்ஃபாரத்தை அகலமாக்குவது. மின்கம்பித் தூண்கள், சிக்னல் கேபிள் எல்லாம் கூடவே நகர வேண்டும். ஓடுகிற பாதையில் இந்த வேலைக்கு இரவில் இரண்டு மூன்று மணி நேரம்தான் ரயிலை நிறுத்தித் தருவார்கள். "ஒரு லிஃப்ட் வைக்க மூன்று வருஷமா?" என்பதற்குப் பதிலின் பாதி அங்கே இருக்கிறது.

மற்ற ஊர்களிலும் இதே கதைதான். 1904-ல் திறந்த நியூயார்க் சப்வேயில் 472 நிலையங்கள். அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் 1990-ல் வந்தது. லிஃப்ட் கேட்டுத் தொடுத்த வழக்கு 2022-ல் சமரசமானபோது, 95 சதவீத நிலையங்களை 2055-க்குள் முடிப்பதாக ஒப்புக்கொண்டார்கள். லண்டன் பாதாள ரயிலில் 272 நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத்தான் படியில்லாமல் போகலாம். அங்கே கிரீன்ஃபோர்டு நிலையத்தில் செய்த வேலை கவனிக்கத் தக்கது: செங்குத்துக் கூண்டுக்கு இடமில்லாததால், பழைய மர எஸ்கலேட்டர் இருந்த சரிவிலேயே சாய்வாக ஏறி இறங்கும் லிஃப்டை 2015-ல் வைத்தார்கள். புதிதாகக் குழி வெட்டத் தேவையில்லை. நம் ஊரில் எஸ்கலேட்டருக்கு என்று ஒதுக்கும் இடங்களில் இதை ஏன் யோசிப்பதில்லை என்று தெரியவில்லை. எஸ்கலேட்டர் சக்கர நாற்காலிக்குப் படிக்கட்டேதான். பார்வையற்றவர்களில் பலரும் அதைத் தவிர்க்கிறார்கள்.

லிஃப்டின் அளவு: ஆள் நிற்கும் அறையின் உள்ளே 1100 × 2000 மி.மீ., கதவு திறப்பு 900 மி.மீ. இது 13 பேர் லிஃப்ட். வாசலுக்கு முன்னால் 1800 × 1800 மி.மீ. காலியிடம். கதவு மூட குறைந்தது 5 வினாடி ஆக வேண்டும். மூடும் வேகம் வினாடிக்கு 0.25 மீட்டருக்கு மேல் போகக்கூடாது. பொத்தான்களில் பிரெயில், மாடியைச் சொல்லும் குரல். குரல் வேண்டும் என்று எழுதும்போதே எந்த மொழி, என்ன சொல்ல வேண்டும் என்றும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இல்லையென்றால் "கிரவுண்ட் ஃப்ளோர்" என்று சொல்லும். பயணிக்குத் தெரிய வேண்டியது அது ஒன்றாம் பிளாட்ஃபாரமா, மூன்றா என்பதுதான்.

லிஃப்ட் நிற்பதன் காரணங்கள் பெரும்பாலும் அற்பமானவை. கதவு ஓடும் தரைப்பள்ளத்தில் வேர்க்கடலைத் தோலும் மண்ணும் அடைத்துக்கொள்ளும். கதவு முழுதாக மூடாது, லிஃப்ட் நகராது. அதை தினமும் ஒரு பிரஷ்ஷால் தட்டிவிட்டால் பழுது அழைப்புகளில் பெரும்பகுதி குறையும். அந்த வேலை துப்புரவு ஒப்பந்தத்தில் வருமா, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தில் வருமா என்று தெளிவாக எழுதாததால் யாரும் செய்வதில்லை. அடுத்தது அடிக்குழி: ஒன்றரை மீட்டர் ஆழக் குழியில் மழைநீர் தேங்கி சுவிட்சுகள் கெடும். வாசலுக்கு முன் தரை லிஃப்டை நோக்கிச் சரிந்திருந்தால் எத்தனை முறை மாற்றினாலும் மறுபடி கெடும், கோளாறு தரையில்தான். கண்ணாடிக் கூண்டு சென்னை வெயிலில் அடுப்பாகும். காற்றோட்டம் இல்லையென்றால் கட்டுப்பாட்டுப் பலகையும் சூடேறிப் பழுதாகும். கரண்ட் போனால் கூண்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுவந்து கதவைத் திறக்கும் பேட்டரிக் கருவியை எல்லோரும் வாங்குகிறார்கள், பேட்டரியை மூன்று வருடத்தில் மாற்ற மறந்துவிடுகிறார்கள். கடைசியாக, சாவி. முதல் ரயிலுக்கு முன் திறந்து கடைசி ரயிலுக்குப் பின் மூடுவது யார் பொறுப்பு என்று ஒரு பெயர் பலகையில் இருக்க வேண்டும்.

இன்னொரு பிழை கொஞ்சம் கொடுமையானது. புதிய லிஃப்ட் புதிய நடைமேம்பாலத்தோடு வரும். புதியதும் பழையதும் சந்திக்கும் இடத்தில் பழைய பாலம் 30 செ.மீ. தாழ்வாக இருக்கும். அங்கே இரண்டு படி கட்டிவிடுவார்கள். வரைபடத்தில் இரண்டு பாலமும் ஒரே கோடாகத் தெரியும், ஏனென்றால் மேலிருந்து பார்க்கிற வரைபடத்தில் உயரம் தெரியாது. பக்கவாட்டில் உயரம் காட்டும் நீளவெட்டு வரைபடம் கேட்டு வாங்கினால் முதல் நாளிலேயே பிடிபடும்.

பிளாட்ஃபாரத்திலிருந்து பெட்டிக்கு

எல்லாம் கடந்து ரயிலருகே வந்தாயிற்று. இங்கேதான் நால்வர் தூக்குகிறார்கள்.

நம் உயரமான பிளாட்ஃபாரம் தண்டவாளத்திலிருந்து 760 முதல் 840 மி.மீ. புறநகர் மின்ரயிலின் தரை சுமார் 1.2 மீட்டர். வித்தியாசம் ஒரு அடிக்கும் மேல். மும்பையில் 2014-ல் ஒரு மாணவி இடைவெளியில் விழுந்து இரு கைகளையும் இழந்த பிறகு, உயர் நீதிமன்றத்தின் அழுத்தத்தில் புறநகர்ப் பிளாட்ஃபாரங்களை 900–920 மி.மீ.க்கு உயர்த்தினார்கள். விழுந்து சாவது குறையும். சக்கர நாற்காலிக்கு இன்னும் 28 செ.மீ. பாக்கி.

முழுதாக 1.2 மீட்டருக்கு உயர்த்திவிட்டால் என்ன? முடியாது. புறநகர்ப் பெட்டியின் உடல் 3.66 மீட்டர் அகலம், மையத்திலிருந்து 1.83. பிளாட்ஃபாரம் விளிம்போ 1.67-ல். அதாவது பெட்டி விளிம்புக்கு மேலே 16 செ.மீ. நீட்டிக்கொண்டு போகிறது. விளிம்பை உயர்த்தினால் பெட்டி அதில் உரசும்.

லண்டனில் பிளாட்ஃபாரத்தின் ஒரு பகுதியை மட்டும் மேடாக்கி, அங்கே நிற்கும் பெட்டிக்கு நேராக ஏறவைக்கிறார்கள். அதே யோசனையை இங்கே எடுத்துக்கொண்டு, மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்குமிடத்தில், விளிம்பிலிருந்து 25 செ.மீ. உள்தள்ளி 1.2 மீட்டர் மேடை ஒன்று கட்டலாமே என்று தோன்றும். கதவு திறந்தபடி ஓடும் ரயிலில் அது ஆளைக் கொல்லும். 2018 ஜூலையில் பரங்கிமலையில் படியில் தொங்கியவர்கள் பக்கச்சுவரில் மோதி இறந்தார்கள். அந்த மேடை அப்படி இன்னொரு சுவர். தானாக மூடும் கதவுள்ள ரயில்கள் மட்டும் ஓடும் பாதையில் இந்த யோசனைக்கு உயிர் வரும். கடற்கரை–செங்கல்பட்டு இடையே 2025 ஏப்ரல் 19 முதல் ஓடும் ஏ.சி. ரயிலுக்கு அப்படிப்பட்ட கதவு இருக்கிறது. ஆனால் அதே பிளாட்ஃபாரத்துக்கு மற்ற ரயில்களும் வருகின்றனவே.

இப்போதைக்கு நடைமுறையில் ஆகக்கூடியது தூக்கி வைக்கும் சாய்பலகை. 28 செ.மீ. உயரத்துக்கு 1:8 சரிவில் 2.25 மீட்டர் நீளம். மடிக்கக்கூடிய அலுமினியப் பலகை, இருபுறமும் 5 செ.மீ. விளிம்பு, பெட்டியின் தரையில் கொக்கி மாட்ட ஒரு இடம். 840 மி.மீ. பிளாட்ஃபாரம் என்றால் வித்தியாசம் 36 செ.மீ.; பலகை கிட்டத்தட்ட 2.9 மீட்டர் ஆகிவிடும், ஒருவர் தூக்க முடியாது. பிளாட்ஃபாரத்தை 920-க்கு உயர்த்துவதால் சக்கர நாற்காலிக்குக் கிடைக்கும் பலன் இதுதான்: பலகை குட்டையாகிறது.

பலகையைப் போட்டு எடுக்க ஒரு நிமிடம் வேண்டும். ரயில் நிற்பது அரை நிமிடம். ஆகவே பலகை மட்டும் வாங்கினால் அது சுவரில் சாய்ந்தே இருக்கும். யார் எடுப்பது, ரயில் கார்டுக்கு எப்படிச் சொல்வது, இறங்கும் நிலையத்துக்கு யார் போன் செய்வது என்ற மூன்று வரி நடைமுறையும் வேண்டும். ஏறும் ஊரில் பலகை இருந்து, இறங்கும் ஊரில் இல்லாவிட்டால் ஏற்றிவிட்டதே தப்பு.

வளைவான பிளாட்ஃபாரம் என்றால் பக்கவாட்டு இடைவெளியும் சேரும். பெட்டியின் இரு சக்கரத்தொகுதி மையங்களுக்கு இடையே சுமார் 14.6 மீட்டர். 400 மீட்டர் ஆர வளைவில் பெட்டியின் நடுப்பகுதி 67 மி.மீ. உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். விளிம்பை அந்த அளவுக்குப் பின்னால் இழுத்துத்தான் கட்டியிருப்பார்கள். மாற்றுத்திறனாளிகள் பெட்டி நிற்குமிடம் வளைவில் விழுகிறதா, நேரான பகுதியிலா என்று பாருங்கள். 9 பெட்டி ரயில் 12 பெட்டி ஆனபோது அந்தப் பெட்டி நிற்கும் இடமும் நகர்ந்தது. தரையில் வரைந்த அடையாளம் எல்லா இடத்திலும் கூடவே நகரவில்லை. மும்பையில் அந்தப் பெட்டி நிற்குமிடத்தில் பீப் ஒலி எழுப்பும் கருவி வைத்திருக்கிறார்கள், பார்வையற்றவர் ஒலியை வைத்து வந்து நிற்கலாம். மலிவான கருவி, இங்கேயும் வேண்டும்.

உயரத்தைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று: அது நிலையாக இருப்பதில்லை. பாதையைச் சீர்செய்யும் ஒவ்வொரு முறையும் ஜல்லியை அடியில் திணித்துத் தண்டவாளத்தைச் சற்றுத் தூக்குகிறார்கள். பிளாட்ஃபாரம் இருந்த இடத்திலேயே இருக்க, தண்டவாளம் வருடாவருடம் ஏறும். பத்து வருடம் முன்பு 840 இருந்தது இன்று 780 ஆக இருக்கலாம். பழைய வரைபடத்தை நம்பாமல் டேப் வைத்து அளக்க வேண்டும், 20 மீட்டருக்கு ஓரிடம்.

அளந்து, உயர்த்தினால் அடுத்த சங்கடம். பிளாட்ஃபாரம் 80 மி.மீ. உயர்ந்தால் படிக்கட்டின் முதல் படி 150 மி.மீ.யிலிருந்து 70 ஆகிவிடும். பார்வையற்றவரும் முதியவரும் கால் உயரத்தைப் பழக்கத்தில் எடுத்து வைப்பவர்கள். முதல் படி மட்டும் குட்டை என்றால் இறங்கும்போது தடுக்கும். கழிப்பறை, காத்திருப்பு அறை வாசல்கள் பள்ளமாகி மழைநீர் உள்ளே போகும். உடனே அங்கே ஒரு சிமென்ட் தடுப்பு கட்டுவார்கள், சக்கர நாற்காலி நுழையாது. உயர்த்தும் மதிப்பீட்டிலேயே முதல் படியைத் திருத்துவதும் வாசல்களைச் சரிவாக்குவதும் சேர்ந்திருக்க வேண்டும்.

மஞ்சள் ஓடு

புள்ளி ஓடு என்றால் "நில்". கோடு ஓடு என்றால் "இப்படிப் போ". ஜப்பானில் மியாகே செய்யிச்சி 1965-ல் உருவாக்கி, 1967-ல் ஒகயாமாவில் முதலில் பதித்தது. நாம் அதை அலங்காரமாக எடுத்துக்கொண்டோம். மூலை வடிவம் அழகாக வரவேண்டுமென்று புள்ளி ஓட்டை நடுவழியில் பதிப்பது, கோடு ஓட்டைத் தூணில் கொண்டுபோய் முட்டவைப்பது, அதன் மேலேயே டீக்கடைப் பெஞ்சைப் போடுவது, கேபிள் பள்ளம் தோண்டிவிட்டு வெறும் சிமென்ட் பூசி மூடுவது. கோட்டின் இருபுறமும் 600 மி.மீ. காலியாக இருக்க வேண்டும். திருப்பத்திலும் கிளை பிரியும் இடத்திலும் மட்டும் புள்ளி. படிக்கட்டின் முதல் படிக்கு 300 மி.மீ. முன்னால் புள்ளி வரிசை. வழவழப்பான கிரானைட்டில் துளையிட்டு ஒட்டும் எஃகுக் குமிழ்கள் மழையில் வழுக்கும், ஒவ்வொன்றாகப் பெயரும். அச்சில் வார்த்த ஓடே மேல்.

விளிம்போர எச்சரிக்கை வரிசைக்கு ஜப்பானில் ஒரு நுணுக்கம் சேர்த்தார்கள்: புள்ளிகளுக்கு உள்பக்கமாக ஒரு நீளக் கோடு. கால் கோட்டைத் தொட்டால் பாதுகாப்பான பக்கம் எது என்று தெரியும். இருபக்கமும் தண்டவாளம் உள்ள தீவுப் பிளாட்ஃபாரத்தில் இது உயிர் காக்கும், ஏனென்றால் அங்கே திசை தவறினால் பின்வாங்கும் இடமும் விளிம்புதான். ஓடு மாற்றும்போது ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் இதைக் கேட்கலாம்.

படிக்கட்டின் அடிப்பகுதியில் தலை இடிக்கும் முக்கோண இடத்தை, உயரம் 2.1 மீட்டருக்குக் குறையும் கோட்டில் கம்பி வைத்து அடைக்க வேண்டும். ஊன்றுகோல் தரையில் தடுப்பு இல்லை என்று சொல்லும். நெற்றிதான் படியைக் கண்டுபிடிக்கும்.

காது கேளாதவர்களுக்கு வேண்டியது எளிது, ஆனால் அதுதான் அடிக்கடி தவறுகிறது: ஒலிபெருக்கியில் சொல்வதெல்லாம் திரையிலும் அதே நேரத்தில் வர வேண்டும். குறிப்பாகப் பிளாட்ஃபாரம் மாற்றம். அறிவிப்பு வந்து மூன்று நிமிடத்தில் ரயில் வந்தால் ஓடத் தெரிந்தவர் ஓடுவார். லிஃப்டுக்குக் காத்து, ஏறி, பாலத்தில் உருண்டு, மறுபடி இறங்க குறைந்தது ஏழெட்டு நிமிடம். அவ்வளவு அவகாசம் இல்லாவிட்டால் மாற்றக்கூடாது என்ற விதி கட்டுப்பாட்டு அறையில் இருக்க வேண்டும். இதற்கு சிமென்ட் வேண்டாம்.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் அளவெடுப்பு. ஒரு டேப், சரிவு காட்டும் டிஜிட்டல் மட்டக்கருவி, ஒரு சக்கர நாற்காலி, இவற்றோடு அந்த நிலையத்தைத் தினமும் பயன்படுத்தும் மூன்று பேர்: நாற்காலியில் வருபவர், பார்வையற்றவர், காது கேளாதவர். கண்ணைக் கட்டிக்கொண்டு அதிகாரி நடந்து பார்ப்பது வேண்டாம். அவருக்குப் பயம்தான் தெரியும், வழி தெரியாது. ஒரு முறை மாலை ஆறு மணிக் கூட்டத்தில், ஒரு முறை மழையில் போக வேண்டும். தெருவிலிருந்து பெட்டி வரை ஒரே கோட்டில் நடந்து, நிற்க நேர்ந்த இடத்தையெல்லாம் அளவோடு குறிக்க வேண்டும்.

பட்டியல் கைக்கு வந்ததும், ஒரு வாரத்தில் ஆகக்கூடியவை: வாசல் குழாய், பூட்டிய கழிப்பறை (உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் இருக்கும்), சாவிக்குப் பொறுப்பாளர், ஓட்டின் மேல் நிற்கும் கடைச் சாமான். மூன்று மாதத்தில்: இருபக்கக் கைப்பிடி 760, 900 மி.மீ. என இரண்டு உயரத்தில், படி விளிம்பில் நிறப்பட்டை, கவுண்டர், ஓடு திருத்தம், சாய்பலகை நடைமுறை. லிஃப்டும் பிளாட்ஃபாரம் உயரமும் பெரிய வேலை, ஒன்றாகத் திட்டமிட வேண்டும். லிஃப்டை முதலில் கட்டிவிட்டுப் பிறகு பிளாட்ஃபாரத்தை உயர்த்தினால் லிஃப்ட் வாசலில் ஒரு பள்ளம் மிஞ்சும்.

ஒரு பிளாட்ஃபாரத்துக்கு ஒரே லிஃப்ட் என்றால் அது நிற்கும் நாளில் அந்த நிலையமே இல்லை என்றுதான் பொருள். மாற்று வழி என்ன, அடுத்து எந்த நிலையத்தில் இறங்கி எப்படித் திரும்பலாம் என்று வாசலிலேயே, டிக்கெட் வாங்கும் முன், தெரிய வேண்டும். மேலே போனபின் தெரிந்து பயனில்லை. மாம்பலத்தில் தி.நகர் பேருந்து நிலையத்தை இணைத்து 2023-ல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதை போல, லிஃப்டுள்ள வெளிப்பாதை பக்கத்தில் இருந்தால் அதையும் அந்த அறிவிப்பில் சேர்க்கலாம்.

சட்டத்தைக் காட்டிக் கேட்க வேண்டி வந்தால்: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 41 ரயில் நிலையங்களைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களுக்குப் பிரிவு 45, விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டு கொடுத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன, கெடு 2022-ல் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அணுகல் அளவுகளை வெறும் பரிந்துரையாக வைத்திருந்த விதி 15(1)-ஐச் செல்லாது என்றது. கட்டாயம் கடைப்பிடிக்க வேண்டிய அளவுகளைத் தனியாக வகுக்கச் சொன்னது. மனு எழுதும்போது "வசதி செய்து தரவும்" என்று எழுதினால் "பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வரும். "மூன்றாம் பிளாட்ஃபாரம், தண்டவாளத்திலிருந்து உயரம் 745 மி.மீ., குறைந்தது 760 இருக்க வேண்டும், அளந்த தேதி இது, இடம் இது" என்று எழுதினால், மறுப்பவரும் டேப்பை எடுத்துக்கொண்டு வர வேண்டியிருக்கும்.